யூடோன் பார்த்த அலை

செத்துப் பிழைத்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பதில் யூடோனை மிஞ்ச அந்தத் திபெத்தியர் குடியிருப்பில் ஆள் கிடையாது. குடகுக்கு இந்தப் பக்கம், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன மருத்துவமனையில் அவளுக்கு வேலை. மாரடைப்பிலோ விபத்திலோ மூச்சு நின்று, பிறகு மீண்டவர் யாராவது இருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கொடுத்த வெண்ணெய்த் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டாள். "வெளிச்சம் தெரிஞ்சுதா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால், தெரிந்தது என்றுதான் சொல்வார்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு சொல்லுக்கு ஊரே அவளிடம் கொட்டித் தீர்த்தது.

இந்தக் கிறுக்கு அம்மா சோய்சோமிடமிருந்து வந்தது. சோய்சோம் குளிர்காலங்களில் மதுரை நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். யூடோன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவருக்கு டைபாய்டு வந்து, கண் செருகி, உடம்பு சில்லிட்டுப்போனது. அழுகைகூடத் தொடங்கிவிட்டது. அப்புறம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இப்படிப் போய்த் திரும்புகிறவர்களைத் 'தேலோக்' என்பார்கள். எமனின் சபையைப் பார்த்துவிட்டு வந்து ஊருக்குச் சொல்வது அவர்கள் வழக்கம். சோய்சோமும் சொன்னார்.

"எமராஜா என்ன கேட்டார், அமாலா?" அம்மாவை யூடோன் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"'நைலானைக் கம்பளின்னு சொல்லி வித்தியே, ஏன்?'னு கேட்டார்டி."

"நீ என்ன சொன்ன?"

"மதுரையில அவ்வளவு குளிர் கிடையாது சாமி, அவங்களுக்கு நைலானே போதும்னேன். சிரிச்சுட்டுத் திருப்பி அனுப்பிட்டார்."

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மகள் மட்டும் விடவில்லை. உடம்பு கட்டையாகக் கிடந்தபோது அம்மாவின் தலைக்குள் கேள்வி கேட்டது யார், பதில் சொன்னது யார்? பெங்களூரில் போய் மூளை அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. வேலையைக் கற்றுக்கொண்டு வந்தாள். ரஷ்யாவிலிருந்து வேரா என்ற மருத்துவர் ஒரு சின்ன ஆய்வுக் குழுவோடு வந்து இறங்கியபோது, மடங்களுக்கு உள்ளே போகத் தெரிந்த தொழில்நுட்பப் பணியாளர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. யூடோன் சேர்ந்துகொண்டாள்.

வேரா தேடி வந்தது துக்தம். பெரிய தியானிகள் சிலர் மூச்சு நின்ற பிறகும் உட்கார்ந்தபடி இருப்பார்கள். உடம்பு நாட்கணக்கில் வாடாது. மனம் இன்னும் உள்ளே தியானத்தில் இருக்கிறது என்பது நம்பிக்கை. அது முடியும்வரை அந்த அறையில் அழக்கூடாது, உடம்பைத் தொடக்கூடாது. தொட்ட இடத்தின் வழியாக மனம் வெளியேறிவிடும் என்பார்கள். வேராவின் கேள்வி எளிமையானது. இதயம் நின்றதும் சிலருடைய மூளையில் கொஞ்ச நேரம் அலை எழும்புவதைச் சில ஆஸ்பத்திரிகளில் பதிவு செய்திருக்கிறார்கள். மீண்டு வந்தவர்கள் சொல்லும் காட்சிகளுக்கு அதுதான் காரணமோ என்று பேச்சு இருக்கிறது. அப்படியானால் துக்தத்தில் இருப்பவருடைய மூளையில் ஏதாவது ஓடுகிறதா?

மடங்கள் கதவைத் திறக்கவில்லை. யூடோன்தான் வருடக்கணக்கில் நடையாய் நடந்து, கடைசியில் கெஷே தம்சோயிடம் போய் நின்றாள். கெஷே என்பது மடத்துப் படிப்பின் பட்டம்; அவர் தத்துவம் போதித்த முதிய துறவி. எல்லோருக்கும் அவர் கென்லா, அதாவது வாத்தியார்.

"கென்லா, நீங்க துக்தத்துல இருக்கறப்ப நான் உங்க தலையைத் தொடணும். சம்மதத்தை இப்பவே சொல்லிடுங்க."

"செத்தப்புறம் கேட்டாச் சொல்லமாட்டேன்னு பயமா?"

"சொல்லிட்டீங்கன்னா இன்னும் பயம்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தலையசைத்தார். அவருக்குப் பணிவிடை செய்யும் துறவி, யூடோன் மரியாதையாகக் 'குஷோலா' என்று கூப்பிடும் கெலெக்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஒயரைச் சுத்தி வைக்கறதுக்கு இவர் என்ன ரேடியோவா?" என்றார். ஒரு நிபந்தனை போட்டார்: முதல் தொடுகை உச்சந்தலையில் விழவேண்டும். மனம் வெளியேற அதுவே நல்ல வாசல். குழுவின் பயிற்சி நெற்றியிலிருந்து தொடங்கும். யூடோன் அந்த வரிசையைப் புரட்டிப்போட்டு, உச்சந்தலையில் தொடங்கி மின்தகடுகள் முழுவதையும் ஒட்டி முடிக்கத் தன் தம்பியின் தலையில் பழகினாள். தம்பி பசை நாற்றத்தோடு சுற்றித் திரிந்தான்.

கெஷே தம்சோய் ஒரு வசந்தகாலக் காலையில் உட்கார்ந்தபடியே போனார். யூடோன் செருப்பைக் கழற்றி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். முதல் தகடு உச்சந்தலையில்.  ஒயர்களை மடிக்கணினியோடு இணைத்தாள். திரையில் கோடு தட்டையாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தட்டையாக இல்லை. மெதுவாக, ஒரே சீராக, ஓர் அலை எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

வேரா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கெலெக் அப்படியே தரையில் விழுந்து வணங்கினார். யூடோன் தாழ்வாரத்துக்கு ஓடி, அழுகைக்குத் தடையில்லாத தூரம்வரை போய் அழுதுவிட்டு வந்தாள். மத்தியானத்துக்குள் சேதி பரவியது. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வேன்கள் வந்தன. தாழ்வாரத்தில் கால் வைக்க இடமில்லை. வேரா வாசலில் நின்று தன் ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மின்சாரம் போனது.

மடிக்கணினி பேட்டரியில் ஓடியது, கருவியும் அப்படியே. ஆனால் அலை இல்லை. கோடு நேராகக் கிடந்தது. கெலெக்கின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "போயிட்டாரா?" என்று உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. அலையும் எழுந்தது.

"வந்துட்டார்! யூடோன்லா, பாரு, வந்துட்டார்!"

யூடோன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குஷோலா, கென்லா கரன்ட்டு வரட்டும்னா காத்துக்கிட்டிருந்தார்?"

 அறையில் மின்சாரத்தில் ஓடுவது என்ன என்று யூடோன் பார்த்தாள். மின்விசிறியை முன்பே நிறுத்தியிருந்தாள். கென்லா உட்கார்ந்திருந்த பீடத்துக்குக் கீழே தொங்கிய பட்டுத்துணியை விலக்கினாள். உள்ளே, தைவான் சீடர்கள் கொடுத்த மின்சார மணிச்சக்கரம், புண்ணியத்துக்காகச் சுற்றும் பிரார்த்தனை உருளை, சுற்றிக்கொண்டிருந்தது. மந்திரச் சுருள்கள் திணித்த உருளை ஒரு பக்கம் கனத்திருந்தது. கனமான பக்கம் மேலே ஏறும் ஒவ்வொரு சுற்றிலும் மோட்டார் ஒருமுறை திணறியது. திரையில் அலை எழுந்ததும் சரியாக அப்போதெல்லாம்தான்; ஒயர்கள் பிடித்தது மோட்டாரின் மின்சாரத்தை.

அவள் துணியைக் கீழே விட்டிருக்கலாம். வெளியே அத்தனை பேர் கைகூப்பி நிற்கிறார்கள். இதைச் சொன்னால் மடம் அவமானப்படும், திறந்த ஒரே கதவும் சாத்திக்கொள்ளும், அவள் நடந்த நடையெல்லாம் வீண். சொல்லாவிட்டால் ஒரு மோட்டாரின் திணறல் கென்லாவின் மனம் என்ற பெயரில் உலகம் சுற்றும்.

"இதை நிறுத்தணும், குஷோலா."

"முடியாது." கெலெக் குரலை உயர்த்தவில்லை. அந்த அறையில் உயர்த்தவும் முடியாது. "அவர் நோயில படுத்த நாள்லேருந்து இந்தச் சக்கரம் நிக்கலை. அவர் தியானத்துலேருந்து எழுந்திருக்கறவரைக்கும் நிக்காதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"இப்போ கரன்ட்டு போனப்ப நின்னுச்சே?"

"அது கரன்ட்டு ஆபீஸ்காரன் பாவம். என் பாவம் இல்லை."

யூடோனுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள். சட்டென்று பிடிபட்டது. "சக்கரம் சுத்தட்டும். பிளக்கை மட்டும் பிடுங்குவோம். கையால சுத்துங்க."

 கெலெக் பீடத்தின் அருகில் சம்மணமிட்டு, உருளையில் கை வைத்தார். யூடோன் பிளக்கைப் பிடுங்கினாள். சக்கரம் ஒரு கணமும் நிற்கவில்லை. கோடு படுத்துவிட்டது.

"போயிட்டாரா?"

"தெரியலை, குஷோலா. என் கருவியில எதுவும் தெரியலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"வெளியில போய் என்ன சொல்லப்போற?"

"இதைத்தான்."

சொன்னாள்.  தாழ்வாரத்தின் பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்ப காலையிலேருந்து மோட்டாருக்கா விழுந்து கும்பிட்டோம்?" என்றார். "மணிச்சக்கரத்துக்குத்தானே கும்பிட்டீங்க, தாத்தா, புண்ணியம் எங்கேயும் போகாது" என்று யூடோன் சொல்ல, இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் வேன்களில் பாதி அன்றே திரும்பிப் போயின. வேரா படியில் உட்கார்ந்து, போன் செய்தவர்களுக்கெல்லாம் மறுபடி போன் செய்தார். முடித்த பிறகு யூடோனின் கையைப் பிடித்து, "நாளைக்கு வேற எவனாவது கண்டுபிடிச்சிருந்தா என் மானம் போயிருக்கும்" என்றார்.

மடத்துத் துறவிகள் முறை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார்கள். கெலெக் தன் முறை முடிந்தும் எழாமல் உட்கார்ந்திருந்தார். யூடோனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கெஷேயின் முகம் வாடவில்லை, அறையில் நாற்றம் இல்லை, கோடும் எழவில்லை. மூன்றையும் அவள் பதிவில் ஏற்றினாள், எதற்கும் விளக்கம் சேர்க்கவில்லை. ஒரு நாள் காலையில் தலை லேசாகச் சாய்ந்தது, மூக்கில் ஈரம் கசிந்தது. துக்தம் முடிந்தது என்றார்கள். தகனம் நடந்தது.

அதற்குப் பிறகு மடத்திலிருந்து எந்தச் சேதியும் இல்லை. கதவு சாத்திக்கொண்டது என்றே யூடோன் நினைத்தாள். மக்காச்சோளக் கதிர் முற்றுகிற சமயத்தில், நோயாளிகள் வரிசையில் கெலெக் உட்கார்ந்திருந்தார்.

"உடம்புக்கு என்ன, குஷோலா?"

"ஒண்ணும் இல்லை. சம்மதம் சொல்லிட்டுப் போக வந்தேன். எனக்கும் ஒரு நாள் வரும் இல்லையா? நான் கென்லா அளவுக்கு ஆள் கிடையாது. சீக்கிரமே வாடை அடிக்க ஆரம்பிச்சுடுவேன்னு நினைக்கறேன். ஆனா நீதான் வரணும். இல்லாததை இல்லைன்னு சொன்னவ நீ. என்னைக்காவது நீ இருக்குன்னு சொன்னா, ஊரே நம்பும்."

 யூடோன் மேசை இழுப்பறையைத் திறந்து, தகடுகளுக்குத் தலையில் இடம் குறிக்கும் அளவு நாடாவை எடுத்தாள்.

"தலையைக் குனியுங்க, குஷோலா."

"உச்சியிலேருந்துதானே?"

"உச்சியிலேருந்துதான்."