கைக்கு எட்டிய தாழ்ப்பாள்

திருநகரில் எங்கள் படுக்கையறைக் கதவில் என் மார்புயரத்துக்கு ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருக்கிறது. சற்றுக் கோணல். அதற்கு மேலே, கதவின் உச்சியில், வீடு கட்டியபோது ஆசாரி வைத்த பழைய தாழ்ப்பாள் பெயின்ட் இறுகிக் கிடக்கிறது. கோணலாக இருப்பது நான் வைத்தது. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவருக்குத் திருகாணியை நேராக முடுக்கத் தெரியவில்லை என்று என் மனைவி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அது அங்கே வந்த காரணத்தை மட்டும் சொல்ல மாட்டாள். நான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, சர்க்கரை நோயால் எனக்கு ஆண்மைக் குறைவு ஏற்பட்டது. மாத்திரை கேட்டு டாக்டரிடம் போனேன். “வீட்டுல அம்மா என்ன சொல்றாங்க?” என்றார். மனைவியிடம் நான் கேட்டதே இல்லை. அவள் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முதுகுவலி என்று சொல்லிக் கூடத்தில் பாய் விரித்திருந்தாள். அதை முதுகுவலி என்றே நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் கே.கே. நகரில், தம்பதியருக்கு ஆலோசனை சொல்லும் ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். “வாரேன். ஆனா வாயத் திறக்க மாட்டேன்” என்ற நிபந்தனையோடுதான் மனைவி ஆட்டோவில் ஏறினாள்.

அந்த ஆலோசகருக்கு எங்கள் மகள் வயது இருக்கும். கண்ணை மூடச் சொல்லி, மூச்சைச் சீராக்கி, தாழ்ந்த குரலில் மனத்துக்குள் ஓர் இடத்துக்கு அழைத்துப் போவார். அங்கே என்ன இருக்கிறது, யார் வரலாம், எது பிடிக்கிறது, எது வேண்டாம் என்பதெல்லாம் நம் விருப்பம். நேரில் சொல்ல வாய் வராத ஆசையையும் பயத்தையும் அங்கே சொல்லிப் பழகினால் உடம்பின் இறுக்கம் மெல்ல விடும் என்றார்.

முதலில் என் முறை. மலைமேல் ஒரு பங்களா, மூடுபனி, ஜன்னலோரம் மல்லிகை என்று கோர்வையாகச் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. “கண்ண மூடிக்கிட்டும் கிளாஸ் எடுக்குறாரும்மா” என்றாள் மனைவி. ஆலோசகரும் சிரித்துவிட்டார். பிறகு, “நீங்க சொல்லுங்கம்மா. நீங்க எங்க இருக்கீங்க?” என்று கேட்டார்.

அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். “ஒரு ரூம்பு” என்றாள். “சின்னதுதான். பீரோ இல்ல.”

“வேற?”

“கதவுல தாப்பா இருக்கு. என் கைக்கு எட்டுது. நானே போட்டுக்கிட்டேன்.”

“சார் உள்ள இருக்காரா?”

“வெளிய நிக்கிறாரு. தட்டுறாரு.”

“திறக்கணும்னு தோணுதா?”

“இப்ப இல்ல. நிக்கட்டும். இம்புட்டு வருசத்துல ஒருநாள் தட்டினதில்லையே.”

கண்ணைத் திறக்கக் கூடாது என்பது விதி. நான் திறந்துவிட்டேன். மூடிய இமைகளோடு, கட்டைவிரலால் இல்லாத தாழ்ப்பாள் ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த பீரோ எனக்குத் தெரியும். காளவாசலில் எங்கள் கூட்டுக் குடும்பத்து வீட்டில் இரும்பு பீரோ ஒன்றுதான். அது எங்கள் அறையில் நின்றது. எல்லாருடைய பட்டும் நகையும் ரேஷன் கார்டும் அதற்குள். யாருக்கு எப்போது எது வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள் என்பதால் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. புதுப்பெண்ணாக வந்தவள், “ஒரு கொண்டியாச்சும் போடுங்க” என்று கேட்டாள். “அம்மா என்ன நினைக்கும்?” என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. அதன்பின் அவள் உடம்பு எப்போதும் ஒரு காதைக் கதவுப் பக்கமே வைத்திருந்தது. அந்த இறுக்கத்தை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். வலிக்கிறது என்று அவள் சொன்னதையும் அப்படித்தான். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன். படித்தவன் நான். ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

திருநகருக்கு வந்தபோது தாழ்ப்பாள் வந்தது. ஆனால் ஆசாரி அதை என் உயரத்துக்கு வைத்தார். குட்டையான அவள் ஸ்டூல் போட்டால்தான் எட்டும். இத்தனை வருடம் அது என் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். ஆளைக் கூப்பிடவில்லை. நான்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். விரலில் ரத்தம் கசிந்தது. தாழ்ப்பாள் கோணலாகத்தான் நின்றது. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து பார்த்தாள். உள்ளே போய், பட்டப்பகலில், கொண்டியைத் தள்ளினாள். நான் தட்டவில்லை. அன்றைக்கு அது அவளுடைய அறை.

கே.கே. நகருக்குத் தொடர்ந்து போனோம். அவளுடைய கற்பனை அறையில் கதவு திறக்கப் பல வாரங்கள் ஆயின. திறந்த பிறகும் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். மாத்திரையைப் பற்றிய பேச்சு அப்புறம் எழவே இல்லை. ஒருநாள் கூடத்துப் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

இன்றும் மதியம் அந்தத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுவேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான், ஆனாலும் உள்ளிருந்து, “யாரு?” என்பாள். “நான்தான். வரலாமா?” என்பேன். சில நாள் கொண்டி நகரும். சில நாள், “பெறகு வாங்க” என்று பதில் வரும். அப்போது அடுப்படிக்குப் போய் இரண்டு பேருக்கும் காபி போடுகிறேன்.