வரிக்காரர்கள் எழுதும் முகவரி

மெத்தையின் நாலு மூலையிலும் விரிப்பை மடித்துச் செருகி, உள்ளங்கையால் நீவிவிட்டாள் நர்சம்மா. சுருக்கம் இருந்தால் படுத்திருப்பவருக்கு முதுகு புண்ணாகிவிடும். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். இங்கே படுக்கப்போவது அவள்தான். நன்றாகப் புரண்டு படுக்கக்கூடியவள். கைக்கு அது தெரியவில்லை.

நர்சு படிப்பெல்லாம் இல்லை. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி மட்டும். ஆனாலும் தங்கி வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் அந்தப் பெயர்தான். அடுத்தவர் வீட்டு மூலையில் கட்டில், அடுத்தவர் அலமாரியில் ஒரு தட்டு இடம். கடைசியாகப் பார்த்துக்கொண்ட அம்மாள் போன பிறகு, பகல் வேலை மட்டும் தேடிக்கொண்டு இந்த மாடியறையைப் பிடித்தாள். அவள் தன் சாவியால் பூட்டித் திறக்கும் முதல் கதவு இது. அட்வான்ஸில் பாதி கொடுத்தாயிற்று. மீதி வங்கியில் தயாராக இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. குடிவந்ததிலிருந்து யாரும் தட்டியதில்லை. அந்த அம்மாளின் மகன் நின்றான். கையில் ரப்பர் பேண்டு போட்ட மூன்று உறைகள்.

"அம்மாவோட லெட்டரெல்லாம் இப்பதான் பிரிச்சேன் நர்சம்மா. இது உங்க பேருக்கு வந்திருக்கு. எப்படியோ கலந்துடுச்சு."

எப்படியோ அல்ல, அவள் கையால்தான் கலந்தது. பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு வரும் தபாலில் கண்ணை ஓட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் கை கழுவுவது மாதிரி. வந்ததை வந்தபடி கூடையில் போடுவாள். மகன் மாதம் ஒரு தடவை வந்து அள்ளிக்கொண்டு போவான். தனக்கும் யாராவது எழுதக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"உள்ள வாங்க தம்பி, டீ போடறேன்."

"இல்ல, வண்டி கீழ நிக்குது."

மூன்றும் வருமான வரி. சம்பளத்தில் பிடித்துக் கட்ட முதலாளி இல்லாத வேலை. கட்டிய வரி குறைந்திருந்தது. பதில் போடாததற்கு அபராதம் வேறு. கடைசிக் கடிதத்தில் கெடு போட்டிருந்தது. மறுநாள். கட்டினால் அட்வான்ஸ் பணம் காலி. பிறகு அறையும் காலி.

கூடப்பிறந்த தம்பிக்குப் போன் போட்டுக் கடன் கேட்டாள்.

"எதுக்குக்கா தனியா கிடந்து அவஸ்தப்படற? இங்க வந்துடு. ஹால்ல தாராளமா இடமிருக்கு."

பின்னாலிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள்: "அண்ணி வந்தா எங்கம்மாவுக்கும் ஒரு துணையாச்சு."

தம்பியின் மாமியார் படுத்த படுக்கையாகி வருடம் ஒன்று ஆகிறது.

"துணைக்கா, துணி மாத்தவா?"

"என்னக்கா நீ, குடும்பத்துக்குள்ள போய் கூலி பேசிக்கிட்டு..."

"கூலி பேசினா கூட பரவாயில்லடா. நீ இனாமால்ல பேசற."

கழுத்தில் ஒரு சங்கிலி இருந்தது. அடகு வைத்தால் வட்டியே அதை விழுங்கிவிடும். கழற்றவில்லை. அன்று அவளுக்கு விடுமுறை. செருப்பை மாட்டிக்கொண்டு வரி அலுவலகத்துக்கு நடந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் உறைகளைப் புரட்டினாள்.

"மொத்தமா கட்ட முடியலன்னா தவணை கேக்கலாம்மா. கெடு தாண்டறதுக்குள்ள கேக்கணும். நல்லவேளை வந்தீங்க."

"வட்டி உண்டா?"

"பாக்கிக்கு உண்டு. ஆனா அடகுக்கடை வட்டி மாதிரி இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு தவணை தவறினாலும் மீதி முழுசையும் ஒண்ணா கேப்போம். அதனால வீறாப்பா பெருசா சொல்லிடாதீங்க, முடிஞ்சத சொல்லுங்க."

நர்சம்மா முதலில் பெரிய தொகைதான் சொல்லவிருந்தாள். கடன் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் தூக்கம் வராத ஜாதி. விழுங்கிக்கொண்டு, அதில் பாதியைச் சொன்னாள்.

"வீட்டுல எத்தன பேர்?"

"ஒருத்தி."

"உங்கள நம்பி யாராவது?"

"இல்ல."

"உங்களுக்கு உதவி பண்றவங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் இல்லன்னே போட்டுக்கோங்க."

"ஒரு விதத்துல நல்லதும்மா. செலவு கம்மி." அந்தப் பெண் தட்டச்சிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஆமா. டீ ஒரு டம்ளரோட போச்சு."

"இனிமே லெட்டர் எந்த அட்ரஸுக்கு?"

மாடியறையின் முகவரியைச் சொன்னாள். வாய்விட்டுச் சொல்லும்போது வேறு யாருடையதோ போல இருந்தது.

"பெட்டியில பேர் இருக்கா? இல்லன்னா தபால்காரர் திருப்பி அனுப்பிடுவாரு."

திரும்பி வந்து அறைக்குள் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருமல் இல்லை. தண்ணீர் கேட்டு யாரும் கூப்பிடவில்லை. இருட்டிய பிறகுதான் விளக்கைப் போட வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் முதல் தவணையைக் கட்டினாள். அதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் மீதியைக் கொடுத்துவிட்டு, மருந்துக்கட்டு ஒட்டும் வெள்ளை டேப்பைக் கிழித்து, அதில் தன் பெயரை எழுதி, மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியில் ஒட்டினாள்.

"உங்களுக்கு யாரும்மா லெட்டர் போடப்போறாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"வரிக்காரங்க போடுவாங்க," என்றாள் நர்சம்மா. டேப்பின் நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி, சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள்.