பிலோவின் பிள்ளைக்கு ஞானத்தாய்

ஜம்புப் பழத்தை இரண்டாகப் பிளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கடித்தால் வெயிலில் வெடித்த உதடு சுள்ளென்று எரியும். எரிந்தாலும் விடமாட்டோம்...

ஹெந்தளையில் பிலோமினாவின் தாய் வீட்டைச் சுற்றியிருந்த வளவு அது. சண்டைக் காலம். வெள்ளவத்தையில் ஒரு தையல் கடையில் நாங்கள் மூன்று பேர் பிளவுஸ் தைத்தோம். பிலோ, கொட்டாஞ்சேனை ரீட்டா, தவம் என்கிற நான். சித்திரை வருசத்துக்குக் கடை பூட்டினால் பிலோ எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவாள். அப்போது ஹெந்தளை கிராமம் மாதிரித்தான். தென்னை, மணல், பின்னால் வாய்க்கால்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கினால், சிங்களம் வராத நான் பின்னால் ஒதுங்குவேன். பிலோ முன்னால் போய்ச் சிங்களத்தில், "இவ என்ட தங்கச்சி" என்பாள். பொய்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகவே நான் பஸ்ஸில் ஏறினேன் என்றுகூடச் சொல்லலாம்...

அங்கே போனால் மரத்தடியில் பாயை விரித்து மத்தியானம் முழுக்கக் கதை. பிலோவின் அம்மா கருவாடு பொரித்து, பாணும் சம்பலும் தருவா. ரீட்டா எங்கள் முதலாளி மாதிரி நடித்துக் காட்டுவாள். "இதென்ன கையா, குழாயா? பிரிச்சுத் தை!" சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

சிரிக்கும்போது பிலோ ரீட்டாவின் தோளில்தான் சாய்வாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு சித்திரையில் பிலோவுக்கு வயிற்றில் ஏழு மாதம். ஞானஸ்நானத்துக்கென்று வெள்ளைச் சட்டை ஒன்று தைத்து, கீழ்க்கரையில் லேஸ் வைத்து, பையில் ஒளித்துக்கொண்டு போனேன். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாயாக என்னைத்தான் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். வாந்தி எடுத்த நாளெல்லாம் அவள் தலையைப் பிடித்தவள் நான் அல்லவா?

ஜம்பு தின்றுகொண்டே சொன்னாள். "ரீட்டா, பிள்ளைக்கு நீதான் ஞானத்தாய். மாட்டேன் என்டு சொல்லிராத."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன், நான் இல்லையோ?"

"அடி தவம்! நீ திருநீறு பூசுறவள். ஃபாதர் என்னைக் கோயிலால துரத்திடுவார்!"

"வேணுமென்டா முதல்ல இவளுக்கு ஞானஸ்நானம் குடுப்பம். வாய்க்கால்ல தண்ணி கிடக்குதுதானே" என்றாள் ரீட்டா.

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான்... எனக்கு உண்மையாகவே தெரியாது. ஞானத்தாய் என்றால் பிள்ளையில் ஆசை வைத்த ஒருத்தி என்று நினைத்திருந்தேன். அதற்குள் வேதக்காரச் சட்டம் இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சட்டையைக் கொடுத்தேன். பிள்ளை அதைத்தான் போட்டது. கோயிலில் ரீட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றாள். நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன்... சட்டை மடிந்து கிடக்கிறதே, ஒருக்கா இழுத்து விடுகிறாள் இல்லையே என்று கை துடித்தது.

சண்டை முடிந்தது. ரீட்டா கனடா போய்விட்டாள். பிலோ இங்கேதான், நானும் இங்கேதான். இனி அவள் எனக்குத்தான் என்று சந்தோசப்பட்டேன். மறைக்கவில்லை.

போன மாதம் பிலோ செத்துப்போனாள். நித்திரையிலேயே. எனக்கு அதைச் சொன்னது யார் தெரியுமா? கனடாவிலிருந்து ரீட்டா.

"தவம், உனக்கு இன்னும் சொல்லேல்லையா? பிலோட மகன் எனக்குக் கோல் பண்ணினவன்..."

மகன் முதலில் ஞானத்தாய்க்குத்தான் சொல்லியிருக்கிறான். நான் வெள்ளவத்தையில், இந்தா பக்கத்தில் இருக்கிறேன். அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

இப்போது பஸ்ஸை ஒருவரும் மறிப்பதில்லை. நான் யாருடைய தங்கச்சி என்று யாரும் கேட்பதும் இல்லை. ஹெந்தளையில் அந்த வளவு முழுக்க வீடுகள்.

போன ஞாயிறு பிலோவின் கல்லறைக்குப் போனேன். "எனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்து" என்று ரீட்டா சொல்லியிருந்தாள். இரண்டு வாங்கினேன். ஒன்றைத்தான் கொளுத்தினேன்... ரீட்டாவிடம் இரண்டும் கொளுத்தினேன் என்று சொன்னேன்.

ரீட்டா, இதை நீ வாசிப்பாய். கோவிக்காதே. உன்னுடையது என் ஹேண்ட்பேக்கில்தான் கிடக்கிறது. கொளுத்த ஆசையென்றால் நீயே வா.