மீன் வெட்டிய கை

யன்னல் வழியே வாவியின் சேற்று வாடை வந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கடைசிச் செபம் சொல்லப் பாதர் இன்னும் வரவில்லை. நான் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன்.

சுனாமிக்கு மறுநாளும் இதே வாடைதான். அப்போது எனக்குப் பத்து வயது. தம்பியின் உடலைக் குழியருகே பாயில் கிடத்தியிருந்தோம். பாலம் உடைந்து பாதர் வர வழியில்லை. செபம் சொல்ல அப்பா மறுத்தார்.

"மீன் வெட்டுற கையால நான் சிலுவை போடுறதா? பாதர் வரட்டும்."

அம்மா சீறினாள். "பாதருக்கும் மேல நம்மட பெரிய குரு இயேசுதானே? அவர்ர கையும் ஆணி ஏறின கைதான். நீங்க ஒங்கட கைய நீட்டுங்க!"

அப்பா விரலால் தம்பியின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

இன்று காலை வெட்டிய மீனின் வாடை என் கையிலும் இருந்தது. கழுவக் குழாயடிக்குப் போனேன். உள்ளே அம்மாவின் மூச்சுச் சத்தம் நின்று மறுபடி கேட்டது. கழுவாமலே திரும்பி ஓடி, அவள் நெற்றியில் சிலுவை போட்டேன்.