டாக்டர் வசந்தாவுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. "நம்ம வசந்தா டாக்டர் மாரடைப்புல தவறிட்டாங்களாம்" என்றார் தோழி. அடுத்த மூச்சிலேயே, "பேஷன்ட் கிட்டருந்து ஏதாவது ஒட்டிக்கிச்சோ?" என்று கேட்டார். மாரடைப்பு ஒட்டாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் மான்மவுத் ஜங்ஷனில் அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையில் காசநோய் வார்டில் எட்டு வருடம் வேலை பார்த்தவர் டாக்டர் வசந்தா. 1990-இல் இங்கே அமெரிக்காவுக்கு வந்தபோது அந்த அனுபவம் செல்லாது என்றார்கள். நாற்பது வயதில் மறுபடியும் பயிற்சி மருத்துவராக, முதல் வருட ரெசிடென்டாகத் தொடங்கினார். அதை முடித்து, தொற்றுநோய்ப் பிரிவில் மேலும் இரண்டு வருடப் பயிற்சி. காசநோயாளி ஒருவரைக்கூடப் பார்த்திராதவர் அவருக்குக் காசநோய் பற்றி வகுப்பெடுத்தாராம். "நானும் ஒழுங்கா நோட்ஸ் எடுத்தேன்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அவர் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று தெரிந்த வருடம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வரும் பொங்கல் பாட்லக்கில் அவருடைய எலுமிச்சை சாதத்தை யாரும் தொடவில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை. எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள்தான்.

பிறகு, ஈரோட்டிலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு இருமல் நிற்கவில்லை. காசநோய் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். மாமனார் மாத்திரைகளைக் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைக்கிறார் என்று தெரிந்ததும், தினமும் காலையில் கிளினிக் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்.

"ஐயா, வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. ம், முழுங்கிட்டீங்க."

ஆறு மாதம் வந்தார். தினமும் காபி கொடுத்தேன், பேப்பர் கப்பில். "கழுவுற வேலை மிச்சம் டாக்டர்" என்று நானாகவே சொல்லிக்கொள்வேன். நோய் இருந்த மாமனாரோ பக்கத்திலேயே உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசி நாள் கப்பை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "ட்ரீட்மென்ட் முடிஞ்சுது மாலதி. அடுத்த தடவை டம்ளர்ல குடுங்க" என்றார். நான் பேச்சை மாற்றினேன். அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை. நான் கூப்பிடவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். காபிக்கு என்னைப் பேப்பர் கப் வாங்கிவரச் சொன்னார்கள். முடியாது என்றேன். வீட்டிலிருக்கும் டம்ளர்கள் அத்தனையையும் எடுத்து வருகிறேன். முதல் டம்ளர், டாக்டர், உங்கள் படத்துக்கு முன்னால் இருக்கும்.

போய் வாருங்கள், டாக்டர். கழுவுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.