பூவரசன் ரகசியம் பேசிய நாள்

பூவரசன் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தால், அரூர் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கும் தெரிந்துவிடும். கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், பச்சைக் குழந்தை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் புளோயர் பக்கத்தில் வேலை. கிழங்கு மாவைக் காயவைத்து உறிஞ்சித் தள்ளும் அந்தப் பெரிய ஃபேன் பக்கத்தில் பேசுவதென்றால் கத்தித்தான் ஆகவேண்டும். வீடும் பேக்டரி மதிலுக்குப் பின்னால்தான். குரலை இறக்க அவருக்கு நேரமே வாய்க்கவில்லை.

முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சத்தத்தைத் தடுக்க மதிலோரம் வேப்பங்கன்று நட்டார். பூவரசனுக்குக் காதில் மாட்டிக்கொள்ள ஒரு அடைப்பானும் வாங்கித் தந்தார். மாட்டினால் மோட்டார் சத்தம் மாறுவது தெரியாது என்று பூவரசன் அதை ஆணியில் தொங்கவிட்டார். அந்த ஆணிக்கு இன்றுவரை காது நன்றாக இருக்கிறது.

மகள் பிரியதர்ஷினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்தான் வினை வந்தது. "காப்பி சாப்பிடுங்க" என்றுதான் சொன்னார். பொண்ணோட அப்பன் சண்டைக்காரன் என்று பாதிக் காப்பியில் எழுந்து போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. மனைவி நிர்மலா அன்றைக்கு அழுத அழுகை புளோயர் சத்தத்தையும் தாண்டிப் பக்கத்து வீட்டில் எனக்கே கேட்டது.

"எல்லாம் அந்தப் புளோயரால வந்தது நிர்மலா. அது அடங்கினா நானும் அடங்கிருவேன்" என்றார் பூவரசன்.

அடுத்த வரன் வருவதற்குள் அதை அடக்கியே தீருவது என்று முதலாளியின் பின்னால் அலைந்தார். கடைசியில் சேலத்திலிருந்து மாதவராஜ் என்ற மெக்கானிக் வந்தார். இறக்கைகளில் மாவு அப்பி, ஒரு பக்கம் கனத்து, புளோயர் ஆடிக்கொண்டிருந்தது. அவர் மாவைச் சுரண்டினார், எடையைச் சமன் செய்தார், தேய்ந்த பேரிங்கை மாற்றினார். அடியில் ரப்பர் வைத்து, தகரக் குழாய் சேருமிடத்தில் கேன்வாஸ் கட்டி, தேவைக்கு மேல் ஓடிய வேகத்தையும் குறைத்தார். இதற்குத்தான் இத்தனை காலம் வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

ஓடவிட்டதும் காக்கை கரைவது கேட்டது.

"எப்படிங்க?" என்றார் மாதவராஜ்.

பூவரசன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கொஞ்சம் கொறைஞ்சிருக்குதுங்க."

மாதவராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தொப்பூரிலிருந்து மூன்றாவது வரன் வந்தது. பேக்டரிக்கு லீவு, புளோயர் ஓடவே இல்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று நிர்மலாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் பூவரசன் உட்கார்ந்தார். காப்பி வரும்வரை தாக்குப்பிடித்தார். பிறகு மனைவியின் காதோரம் குனிந்து ரகசியம் சொன்னார்.

"பையன் நல்லாத்தான் இருக்கறான். முன்னந்தலையிலதான் வெளைச்சல் கம்மி."

வாசலில் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் சிரித்தது பையன்தான். அவன் அம்மா, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத மனுசருங்க. எங்களுக்குப் புடிச்சிருக்குது. பொண்ணு சொல்லட்டும்" என்றார்.

பிரியதர்ஷினி அப்பாவைத்தான் பார்த்தாள். "எனக்கு சம்மதம்ப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், வாசலுக்கே கேட்டது.

பூவரசன் காதோரம் கையைக் குவித்தார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் எரிச்சலோடு பேக்டரி மதில் பக்கம் திரும்பினார்.

"யாராவது போயி அந்தப் புளோயரை நிறுத்துங்கப்பா. எம்பொண்ணு என்னமோ சொல்றா."

யாரும் எழுந்திருக்கவில்லை.