மகளின் தாகமும் என் ஆராய்ச்சியும்

எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும் எனக்கு. மிக்ஸி நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டேன். ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். திருச்சியில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. இந்தப் பழக்கத்தால் இதுவரை இரண்டு மிக்ஸிகள் பாழாகியிருக்கின்றன. அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லோருமே தண்ணீர் குடித்தோம்தான். ஆனால் அவள் குடித்தது வேறு மாதிரி. ஒரு லிட்டர் பாட்டிலை வாயில் கவிழ்த்தால் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். ராத்திரியில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து பாத்ரூம் போனாள்.

"ஏன்னா, டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிடலாமே" என்றாள் என் மனைவி.

"என்னன்னு சொல்றது? வெயில் காலத்துல பொண்ணு தண்ணி குடிக்கறாள்னா? சிரிப்பார். மொதல்ல என்ன காரணம்னு பாப்போம்."

பார்த்தேன். அதற்கென்று ஒரு நோட்டே போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் தண்ணீர். தயிர்சாதத்துக்கு அவள் வடுமாங்காய் நிறையத் தொட்டுக்கொள்வாள். அந்த உப்புதான் தாகத்தைக் கிளப்புகிறது என்று முடிவு செய்து, ஜாடியை எடுத்துப் பரணில் வைத்தேன். சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறவன் அல்லவா? நான்கு நாள் வடுமாங்காய் இல்லை. தாகம் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாவது வாரத்தில் அவளுக்கு யூனிஃபார்ம் தொளதொளவென்று ஆனது. எடை பார்த்தால், பொங்கல் சமயத்தில் இருந்ததைவிட நான்கு கிலோ குறைவு. நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், பிறகு எப்படி? 'பரீட்சை டென்ஷன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது சுவாரசியமாக இருந்தது. விடை கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல ஒரு குறுகுறுப்பு.

கடைசிப் பரீட்சைக்குச் சந்தேகம் கேட்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பேசும்போது ஒரு வாசனை வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. லேபில் தினமும் முகர்வதுதான்: அசிட்டோன். நெயில் பாலிஷை அழிக்கும் திரவத்தில் இருப்பதும் அதுதான். அவள் பள்ளியில் நெயில் பாலிஷுக்குத் தடை.

"நெயில் பாலிஷ் போட்டுண்டு அழிச்சியா?"

"இல்லப்பா."

"கையைக் காட்டு."

காட்டினாள். நகங்களில் ஒரு பொட்டுச் சாயம்கூட இல்லை. அழித்துவிட்டாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன். பரீட்சை நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று ஒரு பாட்டம் திட்டவும் திட்டினேன். அவள் புத்தகத்தின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். உட்காரத் தெம்பு இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

பரீட்சை முடிந்த சில நாளில் ஸ்ரீராமநவமி. எங்கள் தெருவில் அன்றைக்குப் போவோர் வருவோருக்கெல்லாம் பானகம் கொடுப்போம். வெல்லத்தைக் கரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் உடம்புச் சூடு தணியும் என்பது எங்கள் தீர்மானம். தாகத்துக்கு இதைவிட மருந்து உண்டா என்று ஐந்து டம்ளர் பானகத்தை என் கையாலேயே அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மலைக்கோட்டைப் படிகளை ஒரே மூச்சில் ஏறி வந்தவள் மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கியது. பானகத்துத் தண்ணீர் சரியில்லையோ என்று நான் ஆரம்பிப்பதற்குள் மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"போறும் உங்க ஆராய்ச்சி. செருப்பைப் போட்டுண்டு வாங்கோ."

தில்லைநகரில் ஒரு மருத்துவமனை. பணியில் இருந்த பெண் டாக்டர் மகளின் முகத்தருகே குனிந்தவர், உடனே நிமிர்ந்து, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். மீட்டரில் எண்ணே வரவில்லை. அது காட்டக்கூடிய அளவையெல்லாம் சர்க்கரை தாண்டியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

பத்தொன்பது நாள் என்றேன். தண்ணீர், எடை, பாத்ரூம் போனது, வாசனை என்று எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒப்பித்தேன். அவர் வியப்போடு பார்த்தார்.

"இவ்ளோ கவனிச்சிருக்கீங்க, அப்பவே வந்திருக்கலாமே சார்?"

"காரணம் தெரிஞ்சதும் வரலாம்னு..."

"காரணம் தெரியலைன்னாதான் சார் வரணும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும்."

மகளை ஐசியூவுக்குள் கொண்டுபோனார்கள். அந்த நேரத்திலும், வாசலில் நின்றபடி, அசிட்டோன் உடம்புக்குள் எப்படி வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் பொறுமையாகச் சொன்னார்: இன்சுலின் சுரக்காததால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உடம்பால் எடுத்துக்கொள்ள முடியவில்லை; அதனால் கொழுப்பை எரிக்கிறது; அதில் உண்டாவதுதான் அந்த வாசனை. இனி வாழ்நாள் முழுக்க இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் படிப்பு, விளையாட்டு எதுவும் நிற்காது என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் மகளை வார்டுக்கு மாற்றினார்கள். முகம் தெளிந்திருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்தது. ஃபோன்ல தேடிப் பாத்தேன். சுகரா இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருன்னு போட்டிருந்தது."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"

"பயமாத்தான் இருந்தது. ஆனா நீ தெனம் பாத்து எழுதிண்டே இருந்தியா, அப்படி ஏதாவது இருந்தா அப்பாவுக்குத் தெரியாமப் போகுமான்னு இருந்துட்டேன்."

தலையை ஆட்டினேன். காபி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வராந்தாவின் கோடி வரைக்கும் போய் நின்று அழுதேன்.